முதலில் எடுத்து வைத்த பங்கு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு விலை எழுதியிருக்கிறது. நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் ஊற்றி ஒரு விளக்கு எரிய வேண்டுமானால் 96 ஆடுகள் தர வேண்டும்; இல்லையென்றால் 48 பசுக்கள்; அதுவும் இல்லையென்றால் 16 எருமைகள். கொடுத்தவர் ஆடுகளைக் கோயில் வாசலில் கட்டிவிட்டுப் போய்விடவில்லை. அவை இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. மேய்ப்பதும் குட்டி பெருக்குவதும் அவர்கள் பாடு; உழக்கு நெய் நாள் தவறாமல் கோயிலுக்கு வந்துவிட வேண்டும்; மந்தையின் கணக்கு குறையக் கூடாது. காசாகத் தந்தவர்களும் உண்டு. அந்தக் காசை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்றைய வங்கி வைப்பு வட்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்யும்.

இந்த அவை கூடியிருப்பதும் அதே ஏற்பாட்டால்தான். முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்கட்டும் என்று ஒருவர் எழுதி வைத்தார், அது நடக்கிறது. கொள்கைக்கும் குடும்பக் கணக்குக்கும் உள்ள உறவைப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை அமையாது. பேச்சில் எல்லோருக்கும் கொள்கை உண்டு. கேள்வி, அது வரவுசெலவு நோட்டில் எந்த வரியில் வருகிறது என்பதே. முதல் வரியிலா, கடைசி வரியிலா?

தமிழ் வணிகர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். மகமை என்பது அதன் பெயர். நகரத்தார் கணக்கேடுகளில் கோயிலுக்கும் அறத்துக்குமான மகமை ஒரு தனிப்பற்று. தென்மாவட்ட நாடார்கள் அதை ஊர் அமைப்பாகவே ஆக்கினார்கள். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களின் பேட்டைகளில் விற்ற சரக்கின் மேல் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடிக்கப்பட்டது. அதிலிருந்து கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மகமை லாபத்தின் மேல் வசூலிக்கப்பட்டது அன்று. விற்பனையின் மேல் பிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு வியாபாரி லாபம் பார்த்தாரா, கையைச் சுட்டுக்கொண்டாரா என்பது தெரிவதற்கு முன்பே அறத்தின் பங்கு பெட்டிக்குள் போய்விட்டது. லாபம் வந்தால் தருகிறேன் என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

இதன் அடுப்பங்கரை வடிவம் பிடியரிசி. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்ந்தது. உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டுவிடுவார்கள். சோறு மிஞ்சினால் தருவது என்று வைத்திருந்தால் பள்ளிக்கூடம் எழும்பியிருக்காது. எந்த வீட்டிலும் சோறு அவ்வளவு மிஞ்சுவதில்லை. அந்தப் பள்ளியில் படித்த மாணவர்களில் காமராஜரும் ஒருவர். மகமையை வானளாவப் புகழத் தேவையில்லை. அது சாதிக் கட்டுக்குள் சுழன்ற பணம்; கொடுக்க மறுத்தவர் ஊரின் முறைப்பைச் சந்திக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தப் பணத்தில் எழுந்த வித்யாசாலையின் கதவு மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைய மாதச் சம்பளக் குடும்பத்தின் கணக்கு இதற்குத் தலைகீழ். வீட்டுக் கடன் தவணை, வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, கைப்பேசி, திடீர் மருத்துவச் செலவு, ஊர்த் திருவிழா, இரண்டு கல்யாண மொய். இவையெல்லாம் போய் மீதமிருந்தால் பெற்றோருக்கு, படிக்க முடியாத உறவுக்காரப் பிள்ளைக்கு, பிடித்த நூலகத்துக்கு, நம்பும் இயக்கத்துக்கு. மீதம் இருப்பதில்லை. மனம் சிறுத்துப்போனதால் அன்று. வரிசை அப்படி அமைந்திருப்பதால். கடன் கொடுத்தவருக்கு இந்த வரிசையின் சூட்சுமம் நன்றாகத் தெரியும். அதனால்தான் சம்பளம் வந்த நாலைந்து நாளில் தவணைத் தொகை கேட்காமலேயே கணக்கிலிருந்து போய்விடுகிறது.

வரிச்சலுகை இருந்ததால் பலர் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வருமான வரிமுறை இயல்பான முறையாகிவிட்டது. அதில் 80சி சேமிப்புக் கழிவும் இல்லை, 80ஜி நன்கொடைக் கழிவும் இல்லை. அந்த முறையில் இருப்பவருக்கு மார்ச் மாதக் கடைசியில் ரசீதுக்காக ஓடிய ஓட்டம் இனித் தேவையில்லை. சேமிப்பும் கொடையும் அவரவர் மனசாட்சியின் பொறுப்பில் வந்து நிற்கின்றன.

வரிசையை மாற்றுவதற்கு முன்னால், பணம் எங்கே போகிறது என்பது தெரிய வேண்டும். லண்டனில் சட்டம் படித்த இளைஞர் மோகன்தாஸ் காந்தி இதில் நல்ல பாடம். போன புதிதில் அவர் முழு வெள்ளைக்கார கனவானாகிவிடத் துடித்தார். பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலைநேர உடை. பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி. நடன வகுப்புக்கு மூன்று பவுன். வயலின் வாங்க இன்னொரு மூன்று பவுன். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு கினி. பணம் அனுப்பியவர் ராஜ்கோட்டில் இருந்த அண்ணன். நடனத்தில் பியானோவின் தாளத்துக்குக் கால் ஒத்துவரவில்லை என்பதைத் தன் வரலாற்றில் அவரே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். இந்த மயக்கம் சில மாதங்களில் தெளிந்தது. தெளிந்த காலத்திலும் தெளியாத காலத்திலும் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை: பேருந்துக்கும் தபாலுக்கும் போன சில்லறை உள்பட ஒவ்வொரு ஃபார்திங்கையும், அதாவது கால் பென்னியையும், எழுதி, இரவு படுக்கும் முன் இருப்பைச் சரிபார்த்துவிடுவார்.

அந்த நோட்டுத்தான் அவரை மாற்றியது. செலவைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவெடுத்தார். குடும்பத்தோடு தங்குவதை விட்டுத் தனி அறை, பிறகு இன்னும் மலிவான ஒற்றை அறை, ஒரு சிறு அடுப்பு, காலையில் ஓட்ஸ் கஞ்சி, இரவில் ரொட்டியும் கோக்கோவும். சாப்பாடு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் முடிந்தது. வண்டிக் கூலியை மிச்சம்பிடிக்க நாள்தோறும் எட்டு, பத்து மைல் நடந்தார். பின்னாளில் லட்சக்கணக்கான ரூபாய் பொதுப்பணம் அவர் கைவழியாகப் போனபோது உதவியது இந்த மாணவப் பருவத்துப் பழக்கமே என்று அவரே கருதினார்.

ஆனால் குடும்பக் கணக்கு ஒற்றை ஆளின் கணக்கு இல்லை. 1901-இல் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும்போது இந்தியச் சமூகத்தினர் காந்தி குடும்பத்துக்குத் தங்கமும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தார்கள். கஸ்தூரிபாய்க்கென்று ஐம்பது கினி மதிப்புள்ள ஒரு தங்க நெக்லஸ். பொதுத்தொண்டுக்குக் கூலி வாங்கலாமா என்று காந்தி இரவெல்லாம் உறங்காமல் உலாத்தினார். விடிவதற்குள் முடிவு: எல்லாவற்றையும் அறக்கட்டளையாக்கிவிடுவது. முதலில் பிள்ளைகளைச் சரிக்கட்டினார். பிறகு மனைவியிடம் வந்தார். கஸ்தூரிபாய் விடவில்லை. நாளை மருமகள்கள் வருவார்களே, அவர்களுக்கு என்ன போடுவது என்றார். என் நகைகளை ஏற்கெனவே கழற்றியவர்தானே நீங்கள் என்றார். உங்கள் தொண்டு என்கிறீர்கள், இராப்பகலாக இந்த வீட்டில் நான் உழைத்தது தொண்டில்லையா என்றும் கேட்டார். அந்தக் கேள்விகள் சில தன்னைத் தைத்தன என்று ஒப்புக்கொள்ளும் காந்தி, எப்படியோ சம்மதத்தைப் பறித்துவிட்டதாகவும் எழுதுகிறார். 1896-இலும் 1901-இலும் வந்த பரிசுகள் அனைத்தும் வங்கியில் வைக்கப்பட்டு அறக்கட்டளை ஆவணம் எழுதப்பட்டது.

அறக்கட்டளை நல்ல முடிவுதான். முடிவெடுத்த விதம் நல்லதில்லை. கஸ்தூரிபாயின் வாதத்தில் நியாயம் இருந்தது. அவர் உழைப்புக்குக் கணக்கேட்டில் வரியே கிடையாது. கொள்கைக்காகத் துறக்கப்படும் பணம் பெரும்பாலும் இன்னொருவருடைய பாதுகாப்பாகவும் இருக்கிறது. பம்பாயில் பத்தாயிரம் ரூபாய்க்கு எடுத்த ஆயுள் காப்பீட்டையும் காந்தி பின்னர் கடவுள் மேல் பாரத்தைப் போட்டுக் கைவிட்டார். அவரைச் சுற்றி ஆசிரமம் இருந்தது, ஒரு நாடே இருந்தது. இருபது ஆண்டு வீட்டுக் கடனும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவர் இதைப் பின்பற்ற வேண்டியதில்லை. பிரீமியத்தைக் கட்டிவிடுவது நல்லது.

காந்தியிடமே கறாராகக் கணக்குப் பார்த்தவர் ஒரு தமிழர். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா லண்டனில் பயின்ற தணிக்கையாளர். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். 1929-இல் காந்தியைச் சந்தித்த பின் பம்பாய்த் தொழிலை விட்டவர். 1934 ஜனவரியில் பிகாரை நிலநடுக்கம் குலைத்துப்போட்டது. ராஜேந்திர பிரசாத் நடத்திய நிவாரணப் பணியில் பணப் பொறுப்பு குமரப்பாவிடம். தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று அவர் வரையறுத்துவிட்டார். காந்தி தம் குழுவினரோடு வந்தபோது, அந்தச் செலவு மூன்று அணாவுக்குள் அடங்காது, நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தி கோபித்துக்கொள்ளவில்லை. இப்படி ஒரு கணக்கர் வீட்டுக்கு ஒருவர் இருந்தால் போதும். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

குமரப்பாவின் பெரிய பங்களிப்பு வேறிடத்தில் இருக்கிறது. வாங்கும் பொருளின் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னவர் அவர். கோக்கோவை எடுத்துக்காட்டாகக் காட்டினார். மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பில் விளைந்து, படைபலத்தால் காக்கப்படும் கடல்வழியாக வந்து, சலுகைச் சுங்கத்தோடு இந்தியாவில் இறங்கும் ஒரு டப்பாவைக் காசு கொடுத்து வாங்குகிறவர், அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் காசு கொடுக்கிறார் என்பது அவர் வாதம். லண்டன் அறையில் சிக்கனமாகக் கோக்கோ குடித்த மாணவர் காந்திக்கு இதைச் சொல்ல அன்று ஆளில்லை.

குமரப்பா கற்பனையாகச் சொல்லவில்லை. கேட்பரி நிறுவனத்தின் கதையே சான்று. குவேக்கர் சமயக் குடும்பம். மது வேண்டாம், அடிமைமுறை கூடாது என்ற மரபு. தொழிலாளருக்காகப் போர்ன்வில் என்ற ஊரையே கட்டியவர்கள். அவர்கள் வாங்கிய கோக்கோவில் கணிசமான பகுதி போர்ச்சுகீசியருக்குச் சொந்தமான சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. அங்கோலாவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள், பெயருக்கு ஒப்பந்தக் கூலிகள், திரும்பிப் போக முடியாமல் அங்கே உழைத்தார்கள். 1901-இலேயே கேட்பரிக்குத் தகவல் எட்டியது. விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், அரசாங்கத்தோடு பேசினார்கள். கொள்முதலை நிறுத்தியது 1909-இல். இடையில் ஸ்டாண்டர்டு நாளிதழ் அவர்களைப் போலிகள் என்ற தொனியில் எழுத, அவதூறு வழக்குப் போட்டார்கள். பர்மிங்காமில் நடுவர் குழு கேட்பரி பக்கம் தீர்ப்புச் சொன்னது. நஷ்ட ஈடாக ஒரே ஒரு ஃபார்திங் வழங்கியது. நல்லவர்களின் எட்டாண்டுத் தயக்கத்துக்கு அந்த நடுவர்கள் போட்ட விலை அது.

சாவோ தோமே தொலைவில் இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி பக்கத்தில் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாத, மாணவர்களுக்குப் புகையிலை எதிர்ப்பு உறுதிமொழி சொல்லிக்கொடுக்கிற ஒரு தனியார் பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்ளலாம். அவர் சம்பளத்தில் மாதந்தோறும் பி.எஃப். பிடிக்கப்படுகிறது. வைப்பு நிதி நிறுவனம் 2015 ஆகஸ்ட் முதல் புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தைக் குறியீட்டு நிதிகளில் போடுகிறது. 5 விழுக்காட்டில் தொடங்கி 15 விழுக்காடு வரை உயர்ந்தது. அந்தக் குறியீடுகள் நிஃப்டி 50, சென்செக்ஸ். இரண்டிலும் இடம்பெற்ற நிறுவனம் ஐ.டி.சி.; இந்தியாவின் மிகப் பெரிய சிகரெட் தயாரிப்பாளர். ஆசிரியை எல்.ஐ.சி. பாலிசியும் வைத்திருக்கக்கூடும். எல்.ஐ.சி.யிடம் ஐ.டி.சி.யின் ஏறத்தாழ 15 விழுக்காடு பங்குகள் இருந்துவருகின்றன. இந்தியாவில் புகையிலையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13.5 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அரசுக் காப்பீட்டு நிறுவனங்கள் புகையிலையில் பணம் போடக் கூடாது என்று 2017-இல் மும்பை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடரப்பட்டது.

ஆசிரியை குற்றவாளி இல்லை. பி.எஃப். உறுப்பினருக்கு எங்கே முதலீடு செய்வது என்று சொல்லும் உரிமை கிடையாது. உரிமை உள்ள இடங்களிலாவது அதைப் பயன்படுத்தலாம் என்பதுதான் செய்தி. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பங்குகளின் அளவைக் குறைத்து அரசுக் கடன் பத்திரங்களைக் கூட்டிக்கொள்ள முடியும். பரஸ்பர நிதிகளில், மது, புகையிலை, வட்டித் தொழில் ஆகியவற்றை ஷரியா நெறிப்படி விலக்கும் டாடா எத்திகல் ஃபண்ட் இருக்கிறது. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகியவற்றைப் பார்க்கும் இ.எஸ்.ஜி. என்ற பெயரில் வேறு திட்டங்களும் உண்டு. பெயர்ப்பலகையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு திட்டமும் எந்தெந்த நிறுவனப் பங்குகளை வைத்திருக்கிறது என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. பத்து நிமிடம் அந்தப் பட்டியலைப் படித்தாலே பல பெயர்கள் ஆச்சரியப்படுத்தும். இதற்கு ஒரு விலையும் உண்டு. நிஃப்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிதித்துறை நிறுவனங்கள். வங்கிகளையே விலக்கும் திட்டம் சந்தையோடு சேர்ந்து ஓடாது. சில ஆண்டுகள் முந்தும், சில ஆண்டுகள் பின்தங்கும். பின்தங்கும் ஆண்டில் முணுமுணுக்காமல் இருக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கொள்கையில் போட்ட பணம் முழுதாகவே போய்விடவும் கூடும். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் பதிவுசெய்த சுதேசிக் கப்பல் கம்பெனியின் முதலீடு 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் இரண்டு லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளைக்காரக் கம்பெனி இலவசப் பயணமும் கையில் ஒரு குடையும் என்று இறங்கியது. துறைமுகத்தில் நின்ற சாதாரணப் பயணிக்கு முன்னால் வைக்கப்பட்ட கேள்வி வெகு எளிது: எட்டணா கொடுத்துச் சொந்தக் கப்பலா, குடையோடு இலவசமா? 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்கு வாங்கியவர்களுக்குச் சுதேசிப் பெருமை மிஞ்சியது, லாபம் மிஞ்சவில்லை. விடுதலையான வ.உ.சி. வறுமையில் வாழ்ந்தார்.

அதனால் பிள்ளையின் படிப்புக்கென்று வைத்த பணத்தை எந்த இலட்சியத்திலும் போடக் கூடாது. இழந்தால் குடும்பம் தாங்கக்கூடிய தொகை எவ்வளவு என்று தெரிந்து, அதை மட்டும், மனமறிந்து போட வேண்டும். இலட்சியம் பேசிப் பணம் கேட்பவரிடம் பதிவுச் சான்றும் தணிக்கை அறிக்கையும் கேட்பது அவமரியாதை ஆகாது. தமிழ்நாட்டில் தேக்குமரத் தோட்டம், ஈமுக்கோழிப் பண்ணை என்று எத்தனையோ பெயரில் நடுத்தர வர்க்கத்துச் சேமிப்பு கரைந்திருக்கிறது; வைப்பாளர் நலன் காக்க 1997-இலேயே இங்கே தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது.

சிக்கனம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரியாரின் சிக்கனத்தைப் பற்றிய கதைகள் ஏராளம். கையெழுத்துக்கு நாலணா, படம் எடுத்துக்கொள்ளத் தனித்தொகை, குழந்தைக்குப் பெயர் வைக்கவும் கட்டணம். கேலி செய்தவர்கள் உண்டு. சேர்ந்த பணம் 1952-இல் பதிவான சுயமரியாதைப் பிரச்சார நிறுவனத்தின் வழியாக இயக்கத்துக்கே போயிற்று. அவர் பரப்பிய சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் சட்ட ஏற்பும் கிடைத்தது. புரோகிதச் செலவில்லாமல், ஒரு மாலையிலும் வாழ்த்துரையிலும் முடிந்த அந்தத் திருமணங்கள் பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தன. அதே கொள்கைக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று குளிரூட்டிய மண்டபங்களில் மூன்று நாள் கல்யாணம் நடத்துகிறார்கள் என்பது வேறு கதை.

அவையினர் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். இந்த வார இறுதியில் வீட்டில் சம்பாதிப்பவரும் சம்பாதிக்காதவரும், விவரம் தெரிந்த பிள்ளைகளும் ஒன்றாக உட்காருங்கள். போன மாதச் செலவை எழுதிப் பாருங்கள். எதற்குப் பணம் போக வேண்டும், எதற்குப் போகவே கூடாது என்று எல்லோரும் சொல்லட்டும். கஸ்தூரிபாயின் கேள்வியை யாராவது கேட்டால் பதில் சொல்லுங்கள். பிறகு ரூபாய்க்கு ஒரு காசு என்று வைத்தாலும் சரி, ஐம்பதாயிரம் வருமானத்தில் ஐந்நூறு ரூபாய், அதைச் சம்பளம் வரும் அன்றே தனிக்கணக்குக்கு மாற்ற வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். தவணை பிடிக்கப்படும் தேதி ஐந்து என்றால், இது ஒன்றாம் தேதியே போகட்டும்.